காவிரிப் படுகையின் மண்டபங்களுக்கும் பந்தல்களுக்கும் ஒலிபெருக்கி வரிசை தேர்ந்தெடுக்கும் முறை

காவிரிப் படுகையில் ஒலி அமைப்பவருக்கு வாய்க்கும் இடங்கள் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. இன்று கும்பகோணத்தில் தரையெல்லாம் டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபம். நாளை மன்னார்குடிப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் போட்ட கீற்றுப் பந்தல். அடுத்த வாரம் தூண்கள் நிறைந்த கோயில் மண்டபத்தில் தேவார இசை. மாசியில் ஆற்றங்கரைத் திடலில் பட்டிமன்றம். இந்த நான்குக்கும் ஒரே வண்டியில் ஒரே பெட்டிகளை ஏற்றிச் சென்று மேடையின் இருபுறமும் அடுக்கிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வதும், கடைசி வரிசையில் இருப்பவர் “என்ன சொன்னார்?” என்று பக்கத்தில் கேட்பதும் அதனால்தான். புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களும், விழாக் குழுவில் மைக் செட் பொறுப்பை ஏற்பவர்களும், எந்த இடத்துக்கு எந்த வகை ஒலிபெருக்கி பொருந்தும் என்பதைத் தாமே கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒலி எல்லோருக்கும் சீராகப் போய்ச் சேர்வது, எந்தப் பெட்டி யாருடைய காதை நோக்கி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வாட் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் அளவு நாடாவும் தாளும்

பெட்டிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இடத்துக்கு நேரில் போய் அளந்து வர வேண்டும். 50 மீட்டர் அளவு நாடா, கட்டம் போட்ட தாள், பென்சில் ஆகியவை போதும். மேடையின் அகலம், பந்தலின் நீள அகலம், கூரையின் உயரம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு, மக்கள் உட்காரும் பகுதியை மட்டும் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள். ஒலி விழவேண்டிய இடம் அதுதான். பின்சுவர், கண்ணாடிச் சன்னல், தகரக் கூரை, காலியான பக்கவாட்டு நடை ஆகியவற்றில் விழும் ஒலி வீணாவதோடு நிற்காமல், திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் ஏறிக் குழப்பத்தையும் உண்டாக்கும்.

காதின் உயரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. உயரத்தில் இருக்கும், நாற்காலியில் இருப்பவருக்கு 1.2 மீட்டர், பின்னால் நிற்பவருக்கு 1.5 மீட்டர். நம் ஊர் விழாக்களில் முன்னால் குழந்தைகளும் பெண்களும் தரையில், நடுவில் நாற்காலிகள், பின்னால் நிற்பவர்கள் என்று இந்த மூன்று கூட்டமும் ஒரே பந்தலில் இருப்பது வழக்கம் என்பதால், பெட்டியைத் தலை உயரத்தில் வைத்தால் முன்னால் இருப்பவர்களின் உடலே பின்னால் போக வேண்டிய ஒலியை மறைத்துவிடும்.

விழாக் குழுவினரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியவையும் சில உண்டு. பந்தலுக்கு வெளியே தெருவில் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமா? பந்திக் கூடத்துக்கும் ஒலி வேண்டுமா? மேடையில் எத்தனை மைக் திறந்திருக்கும்? அருகில் மருத்துவமனையோ பள்ளியோ நீதிமன்றமோ உண்டா? இவற்றுக்கு விடை கிடைக்காமல் வாடகைத் தொகையைப் பேசுவது இரு தரப்பினருக்கும் பின்னால் மனத்தாங்கலில்தான் கொண்டுபோய் விடும்.

தொலைவு கூடும்போது நடப்பது

சாதாரணப் பெட்டி ஒன்றிலிருந்து நாம் விலகிப் போகும்போது, தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைகிறது. 10 டெசிபல் வேறுபாட்டைக் காது ஏறக்குறைய இரண்டு மடங்காக உணர்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு 40 மீட்டர் நீளமுள்ள ஒரு பந்தலைப் பார்ப்போம். மேடையோரம் ஆள் உயரத்தில் பெட்டியை வைத்தால், 3 மீட்டரில் இருப்பவருக்கும் 40 மீட்டரில் இருப்பவருக்கும் இடையே 22 டெசிபல் வேறுபாடு வரும். பின்னால் கேட்க வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையரைத் திருகினால் முன்னால் இருப்பவருக்கும் அதே அளவு ஏறும். வேறுபாடு அப்படியேதான் இருக்கும். வாட்டைக் கூட்டி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமானது.

அதே பெட்டியை 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, அதன் முகத்தைப் பின்வரிசையை நோக்கிச் சாய்த்தால், முன்வரிசைக்காரர் பெட்டியிலிருந்து 5 மீட்டருக்குச் சற்று மேலான தொலைவுக்குப் போய்விடுகிறார். பெட்டி நேராகப் பார்க்கும் திசையை விட்டும் கீழே விலகிவிடுகிறார். அந்த விலகலால் அவருக்கு 6 டெசிபல் குறைகிறது என்று கொண்டால், மொத்த வேறுபாடு 12 டெசிபல் அளவுக்குச் சுருங்கும். இனி 20 மீட்டர் தொலைவில் இன்னொரு இணைப் பெட்டிகளை வைத்துப் பின்பாதியை அவற்றிடம் ஒப்படைத்தால், முன் பெட்டிகள் 20 மீட்டர் வரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்; வேறுபாடு 6 டெசிபலுக்கு வந்துவிடும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 6 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்துக்கு டேட்டா ஷீட்டில் உள்ள கோணத்தைப் பார்க்க வேண்டும். 90 பாகைப் பெட்டி 10 மீட்டர் தொலைவில் 20 மீட்டர் அகலத்துக்கு விரியும். 60 பாகைப் பெட்டி அதே தொலைவில் 11.5 மீட்டர் அகலத்துக்கு விரியும். அந்தக் கோணத்தின் ஓரத்தில் ஒலி ஏற்கெனவே 6 டெசிபல் குறைந்திருக்கும் என்பதையும், அக்கோணம் மேல் சுரங்களுக்கே பொருந்தும், அடித்தொனி எல்லாப் பக்கமும் பரவும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது வாட்டுக்கு வரலாம். திருவிழாக் கூட்டத்தின் சலசலப்பை மீறிப் பேச்சு தெளிவாகக் கேட்கக் கடைசி வரிசையில் 80 டெசிபல் வேண்டும் என்றும், பேச்சின் திடீர் உச்சங்களுக்காக மேலும் 12 டெசிபல் இடம் விட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், தேவை 92 டெசிபல். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் பெட்டி, 20 மீட்டரில் 26 டெசிபலை இழந்து 71 டெசிபல் தரும். மீதி 21 டெசிபலுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 126 வாட். அதாவது, பெட்டியைச் சரியான தொலைவில் வைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான வாட் கேட்கும் தேவையே எழாது. பெட்டிகளின் எண்ணிக்கையை விழாவின் பெருமையாகக் கருதும் குழுவினரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவது நல்லது.

லைன் அரே எப்போது லைன் அரே ஆகிறது?

இன்று எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்பது லைன் அரே என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலி மூலங்களைச் செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி அடுக்கினால், அவை எல்லாவற்றின் ஒலியும் நேர் எதிரே ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. மேலும் கீழும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே ஒலி கிடைமட்டத்தில் அகலமாகவும் செங்குத்தில் மெல்லிய பட்டையாகவும் செல்கிறது. குறிப்பிட்ட தொலைவு வரை, தொலைவு இரட்டிக்கும்போது குறைவது 6 டெசிபலுக்குப் பதில் 3 டெசிபலாக இருக்கும். முன்பிருந்தே உள்ள ‘காலம்’ (column) ஸ்பீக்கரும், அதாவது சிறு ஒலி உறுப்புகளைச் செங்குத்தாக அடுக்கிய ஒல்லியான நீண்ட பெட்டியும், இதே கொள்கையில் வேலை செய்வதுதான். பிரான்சின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹைல் 1992-இல் கொண்டுவந்த வி-டாஸ்க் அமைப்பு, பெரிய கச்சேரிகளுக்கேற்ற வலிமையோடும் மேல் சுரங்களையும் ஒரே அலையாகச் சேர்க்கும் அமைப்போடும் வந்ததால், இன்றைய லைன் அரேகளுக்கு முன்னோடியாயிற்று.

அந்த 3 டெசிபல் சலுகை எவ்வளவு தொலைவு கிடைக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வரிசையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அதிர்வெண்ணாலும் பெருக்கி, 700-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்தத் தொலைவு கிடைக்கும். 25 செ.மீ. உயரமுள்ள பெட்டிகள் நான்கைத் தொங்கவிட்டால் வரிசையின் நீளம் 1 மீட்டர். 1000 ஹெர்ட்ஸுக்கு அதன் சலுகைத் தொலைவு 1.4 மீட்டர், 4000 ஹெர்ட்ஸுக்கு 5.7 மீட்டர். முன்வரிசைக்கு வருவதற்கு முன்பே குரலின் பெரும்பகுதிக்குச் சலுகை தீர்ந்துவிட்டது. அதே பெட்டிகள் பன்னிரண்டைச் சேர்த்து 3 மீட்டர் நீளமாக்கினால், 1000 ஹெர்ட்ஸுக்கு 13 மீட்டர், 4000 ஹெர்ட்ஸுக்கு 51 மீட்டர் என்று தொலைவு நீள்கிறது. செங்குத்துக் கட்டுப்பாடும் இப்படித்தான்: 1 மீட்டர் வரிசை ஏறக்குறைய 350 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலியைப் பட்டையாக்கும், 3 மீட்டர் வரிசை 115 ஹெர்ட்ஸிலிருந்தே அதைச் செய்யத் தொடங்கும். கல்யாண மேடையில் பக்கத்துக்கு நான்காகத் தொங்கும் சிறு பெட்டிகள் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். நல்ல இரண்டு சாதாரணப் பெட்டிகள் அதே வாடகையில் அந்த வேலையைக் கூடுதல் தெளிவோடு செய்யும் என்பது என் கருத்து.

எந்தப் பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் லைன் அரே ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. 4000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 9 செ.மீ. கூட இல்லை. செங்குத்தில் 60 பாகை விரியும் ஹாரன் (மேல் சுரங்களை அனுப்பும் கூம்பு) உள்ள இரண்டு சாதாரண டாப் பெட்டிகளை (பேஸ் பெட்டி அல்லாத முதன்மைப் பெட்டிகளை) அடுக்கும்போது, இரு ஹாரன்களுக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் இடைவெளி விழுகிறது. அவற்றின் ஒலி ஓரிடத்தில் சேர்ந்தும் அடுத்த அடியில் அழிந்தும் போகும். கடைசி வரிசையில் தலையை ஒரு சாண் நகர்த்தினாலே குரலின் தன்மை மாறுவதைக் கேட்கலாம். இரண்டு டாப்களை ஒரே பக்கம் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒன்றைத் தூரத்துக்கும் மற்றொன்றைப் பக்கவாட்டுக்கும் திருப்பி, ஒன்று விரியும் பகுதி முடியும் இடத்தில் மற்றொன்றின் பகுதி தொடங்குமாறு கோணம் வையுங்கள்.

உண்மையான லைன் அரேயில் பெட்டிகளுக்கு இடையே உள்ள கோணமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தூரத்தைப் பார்க்கும் மேல் பெட்டிகளை ஒன்றோடொன்று ஏறக்குறைய நேராகவும், அருகில் இருப்பவர்களைப் பார்க்கும் கீழ்ப் பெட்டிகளைப் படிப்படியாக விரித்தும் தொங்கவிட வேண்டும். இதற்கான கணிப்பு மென்பொருளைப் பெரிய தயாரிப்பாளர்கள் இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் அளந்து வந்த நீள அகலத்தையும் காதின் உயரத்தையும் அதில் கொடுத்தால் எந்த ஓட்டையில் பின்னைச் செருக வேண்டும் என்பது வரை சொல்லிவிடும். கண் அளவில் வளைத்துத் தொங்கவிடும் லைன் அரேக்கு வாடகை கொடுப்பது பணத்துக்குக் கேடு.

இடத்துக்கு ஏற்ற தேர்வு

கல்யாண மண்டபத்தில் எதிரி எதிரொலிதான். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தின் கன அளவு 2700 கன மீட்டர். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பூசிய சுவர் ஆகியவை தம்மேல் படும் ஒலியில் நூற்றில் ஐந்து பங்கை மட்டுமே உறிஞ்சுகின்றன என்று கொண்டால், காலி மண்டபத்தில் ஓர் ஓசை அடங்க 6 விநாடி ஆகும். திறந்த கதவும் சன்னலும் திரைச்சீலையும் இதைக் குறைக்கும் என்றாலும், காலையில் காலி மண்டபத்தில் சோதித்துவிட்டு “இந்த மண்டபமே சரியில்லை” என்று சொல்வதற்கு இதுவே காரணம். 500 பேர் வந்து உட்கார்ந்ததும், பட்டும் பருத்தியும் உடுத்திய அவர்களின் உடலே ஒலியை உறிஞ்சி, அந்த 6 விநாடியை ஒன்றரை விநாடி அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

அப்படியும், பெட்டியிலிருந்து 7 அல்லது 8 மீட்டர் தாண்டியவுடன் நேரடி ஒலியைவிடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி மிகுந்துவிடும். ஆகவே மண்டபத்தில் மேடையிலிருந்து மிகுந்த வலிமையோடு அனுப்புவதைவிட, இருபக்கச் சுவரோரமும் 7 அல்லது 8 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு பெட்டிகளையோ காலம் ஸ்பீக்கர்களையோ வைத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய அளவில் ஓடவிடுவதே சிறந்தது. காலம் ஸ்பீக்கர் ஒலியைக் கூரைக்கும் தரைக்கும் வீணாக்காமல் காதின் மட்டத்திலேயே பரப்புவதால் இத்தகைய மண்டபங்களுக்கு நன்கு பொருந்தும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பேச்சு மைக்குகளில் வெட்டிவிடுங்கள். மண்டபம் முழங்குவது ஓரளவு அங்கேயே குறையும்.

நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மண்டபத்துக்குள் மைக் வைப்பது பற்றி ஒரு சொல். தெருவிலும் தேரோட்டத்திலும் திறந்த வெளியில் ஒலிப்பதற்காகவே உருவான கருவி நாகஸ்வரம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் அதைச் செய்கிறார்கள். 300 பேர் உட்காரும் மண்டபத்தில் அதற்குப் பெருக்கம் தேவையே இல்லை. கெட்டிமேளத்தின்போது மைக்கை அடைத்துவிட்டால், முன்னால் இருக்கும் பெரியவர்கள் மனமாற வாழ்த்துவார்கள்.

கோயில் மண்டபத்தில் தூண்கள்தாம் முதல் கவலை. 60 செ.மீ. அகலமுள்ள ஒரு கல்தூண், ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியைத் தனக்குப் பின்னால் இருப்பவருக்கு மறைத்துவிடும். ககரம், சகரம், தகரம் போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. பெட்டியின் முகம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டின் ராகம் கேட்கும், பதம் புரியாது. எனவே தூண்களுக்கு இடையே உள்ள ஒவ்வொரு நீள்வழிக்கும் தனித்தனியாக ஒல்லியான காலம் ஸ்பீக்கர் வேண்டும். அவற்றைத் தரையில் நிற்கும் கனமான தாங்கிகளில் நிறுத்துங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் மட்டுமன்றி எந்தப் பழைய கோயிலிலும் கல்லில் ஆணி அடிப்பதோ, சிற்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதோ கூடாது. ஒருநாள் விழாவின் ஒலிக்காக ஆயிரம் ஆண்டுக் கல்லைக் காயப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

கீற்றுப் பந்தல் ஒலிக்கு நல்ல இடம். கீற்றும் மண் தரையும் எதிரொலியைப் பெரிதாக எழுப்புவதில்லை. தகரப் பந்தல் அப்படியன்று. ஐப்பசி கார்த்திகை மழை அதன்மேல் கொட்டும்போது எழும் இரைச்சலை எந்தப் பெட்டியாலும் வெல்ல முடியாது என்பதை முன்கூட்டியே குழுவினருக்குச் சொல்லிவிட வேண்டும். பந்தல் நீளவாக்கில் இருந்தால், முன்பு சொன்ன கணக்கின்படி மேடையில் ஓர் இணை, 20 மீட்டருக்கு ஓர் இணை என்று வையுங்கள். அகலவாக்கில் இருந்தால் மேடையின் முன்விளிம்பு நெடுக நான்கு பெட்டிகள்.

பாடுபவர்களே பந்தல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நிகழ்ச்சிக்கு வேறு கணக்கு வேண்டும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சமாதியின் முன் பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடுவதைப்போல் பல ஊர்களில் இப்போது பாடுகிறார்கள். முன்னால் ஒலிக்கும் புல்லாங்குழலும் முதற்குரலும் 20 மீட்டர் காற்றில் நடந்து வந்து சேர 57 மில்லி விநாடி ஆகும். அதைக் கேட்டுப் பின்வரிசையினர் பாடினால் தாளம் இழுபடும். இங்கே பெரிய வரிசையை மேடையோரம் நிறுத்துவது தீங்கு. சிறு பெட்டிகளைப் பாடுபவர்களின் அருகிலேயே பரவலாக வைத்து, அவற்றுக்கு டிலே (ஒலியைச் சில மில்லி விநாடி தாமதித்து அனுப்புவது) கொடுக்காமல், எல்லாவற்றையும் குறைந்த அளவில் ஓடவிட்டால், எல்லோருக்கும் முதற்குரல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும்.

ஆற்றங்கரைத் திடல், வேளாங்கண்ணி போன்ற கடற்கரை ஊர்களின் பெருவிழா மைதானம் ஆகியவையே உண்மையில் லைன் அரேக்கு உரிய இடங்கள். 60 மீட்டருக்கு மேல் கூட்டம் நீளும்போது, பக்கத்துக்கு எட்டுக்குக் குறையாத பெட்டிகள் கொண்ட வரிசையும், அதற்குப் பின் டிலே கோபுரங்களும் நியாயமான செலவு. காற்றின் திசையைக் கேட்டறிந்து மேடையை அமைக்கச் சொல்லுங்கள். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்குமேல் போய்விடும். காற்றோடு செல்லும் ஒலி தரையை நோக்கி வளையும்.

மின்சாரமும் கேபிளும்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். 4 ஓம் சுமைக்கு 30 மீட்டர் தூரம் 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்தால் 2 டெசிபல் கம்பியிலேயே போய்விடும், 2.5 சதுர மி.மீ. கம்பியில் ஒரு டெசிபலுக்கும் குறைவே போகும். பல சிறு பெட்டிகளை நீண்ட தூரத்துக்குப் பரப்பும்போது 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையர் வசதியானது. பெட்டிகளின் வாட் அமைப்பைக் கூட்டிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் திறனில் 80 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு எர்த் போடாமல் எதையும் ஓட்டாதீர்கள். மழைக்கால வயல் தரையில் ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

தூக்கிக் கட்டுவது

எட்டு அங்குல உறுப்புகள் இரண்டு கொண்ட லைன் அரே பெட்டி ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ எடை இருக்கும். அப்படி எட்டையும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் கால் டன். இதைப் பந்தலின் சவுக்குக் கழியிலோ மூங்கில் சாரத்திலோ ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் நாம் வேலை செய்கிறோம். எடை தாங்கும் சான்றுள்ள டிரஸ் (குழாய்களைப் பின்னிய உலோகச் சட்டம்), அளவு பொறித்த செயின் பிளாக், வரிசையைத் தனியாகத் தாங்கும் இரண்டாவது பாதுகாப்பு வயர் ஆகியவை இல்லையென்றால், பெட்டிகளைத் தரையில் உறுதியான மேடைமேல் அடுக்கிக்கொள்ளுங்கள். அல்லது உயரமான ஸ்டாண்டில் இலேசான பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷேக்கிள் (சங்கிலியை இணைக்கும் ‘U’ வடிவக் கொக்கி) ஒவ்வொன்றின் பின்னையும் விரலால் திருகிப் பார்த்து, அது தானாகக் கழலாதபடி கம்பியால் கட்ட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அடிக்கடி வேலை செய்பவர்கள், உப்புக்காற்றில் துருவேறிய ஷேக்கிளையும் சங்கிலியையும் தயங்காமல் கழித்துவிட வேண்டும். தொங்கும் வரிசைக்கு நேர் கீழே யாரும் உட்காராதபடி கயிறு கட்டுங்கள்.

டிலே வைத்துச் சோதித்தல்

வெப்பமான நாளில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது; அதாவது மீட்டருக்கு 2.9 மில்லி விநாடி. 20 மீட்டர் தொலைவில் உள்ள பின் பெட்டிகளுக்கு 57 மில்லி விநாடியும், அதற்குமேல் 10 முதல் 15 வரையும் சேர்த்து 70 அளவில் டிலே வையுங்கள். அப்போது மேடையிலிருந்து வரும் ஒலி ஒரு கணம் முந்திக் காதுக்கு வரும். பின் பெட்டி சற்று உரக்க இருந்தாலும் பேசுபவர் மேடையிலிருந்தே பேசுவதாகத்தான் கேட்பவர் உணர்வார். சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் இடையே ஒலியின் வேகம் மாறும் என்றாலும், 40 மீட்டருக்கு அது 3 மில்லி விநாடிதான். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. கருவி எதுவும் இல்லையென்றால், ‘டிக்’ என்ற ஓசையை விட்டுவிட்டு ஒலிக்கவிட்டு, பின் பெட்டியின் எதிரே நின்று, இரண்டு டிக்குகள் ஒன்றாகும் வரை டிலேயைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு அந்தப் பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஒலிக்கவிட்டுக் கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியோடு பந்தல் முழுவதும் நடந்து பாருங்கள். அந்தச் செயலி சொல்லும் எண் முற்றிலும் சரியாக இராது. ஆனால் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டப் போதும். ஒரு பெட்டியின் எதிரே மட்டும் அடித்தொனி மெலிந்து கேட்டால் அதன் கம்பி மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இறுதிச் சோதனை மனிதக் குரலால்தான் செய்ய வேண்டும். ஒருவரை மேடை மைக்கில் நிறுத்தி, கடை, தடை, படை, சடை, நடை, மடை, விடை என்று முதலெழுத்து மட்டும் மாறும் சொற்களை வரிசை கலைத்து இருபது முறை வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் கடைசி வரிசையில், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்டதைத் தாளில் எழுத வேண்டும். முழு வாக்கியமாகப் பேசினால் கேட்காத எழுத்தையும் மனம் நிரப்பிக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. எழுதிய இருபதில் குறைந்தது பதினெட்டுச் சொற்கள் சரியாக இல்லாவிட்டால், ஒலியைக் கூட்டாதீர்கள். பெட்டியின் முகத்தைக் காதை நோக்கித் திருப்புங்கள், அடித்தொனியைக் குறையுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு இன்னொரு சிறு பெட்டியைக் கொண்டுவாருங்கள். மைக் ஊளையிட்டால், பெட்டி மைக்குக்கு முன்னால்தான் இருக்கிறதா என்பதையும், பயன்படாத மைக்குகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் முதலில் பாருங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஊளையிடாமல் உயர்த்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது.

சட்டமும் இரவும்

மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, எழுத்து வடிவில் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகள் தவிர மற்ற இடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். விழா நடக்கும் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைக் காவல்துறை அனுமதிப்பதில்லை. பெட்டி வடிவம் மட்டுமே வைக்கலாம்.

இந்த எல்லைக்குள் நிற்பதற்கும் நல்ல கவரேஜ்தான் (ஒலி கேட்பவர்கள்மேல் மட்டும் சீராக விழுவதுதான்) வழி. காதுகளை நோக்கித் தாழச் சாய்த்த பெட்டிகள் தெருவுக்கு அனுப்பும் ஒலி குறைவு. சூரியன் மறைந்த பிறகு வயலும் திடலும் முதலில் குளிர்ந்து, தரையோரக் காற்று மேல்காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிடும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கி, பகலில் எட்டாத அடுத்த கிராமத்துக்கும் போய்ச் சேரும். ஆகையால் மாலையில் வைத்த அளவை இரவு எட்டு மணிக்கு மேல் அப்படியே விடாமல், திடலின் எல்லையில் ஒருமுறை நடந்து அளந்து, தெருவைப் பார்க்கும் பெட்டிகளையும் பேஸ் பெட்டிகளையும் முதலில் குறைத்து, கூட்டம் கலைந்த பின்பகுதியின் டிலே பெட்டிகளை நிறுத்திவிடுங்கள்.